அந்தக் குறும்படத்துல சீண்டப்படுற பையனும் கூட சேர்ந்து சிரிப்பானே, அந்த சிரிப்பு உங்களுக்கும் தெரியுமா?

நிழல்மரம் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். ஸ்கூல்ல ஒரு பையனை மத்த பசங்க சேர்ந்து சீண்டுறத வச்சு எடுத்த ஒரு குறும்படம் பாத்தேன், கால் மணி நேரம்தான் ஓடும், உங்கள்ல சில பேருக்கும் யாராவது அனுப்பியிருப்பாங்க. முடிவையும் சேர்த்துதான் பேசப் போறேன், அதனால பேரை வேணும்னே போடல, பாத்தவங்களுக்கு படிச்ச உடனே எதுன்னு தெரிஞ்சுடும்.

பையனுக்கு ஒரு பத்து வயசு இருக்கும். கேமரா முழுக்க பெஞ்ச் உயரத்துலயே நிக்குது, பெரியவங்க யார் வந்தாலும் இடுப்பு வரைக்கும்தான் தெரியும், முகமே காட்டல. டீச்சர் போர்டு பக்கம் திரும்புன உடனே பின்னாடி இருந்து ஒரு கை வந்து அவனோட பென்சில் பாக்ஸை எடுக்குது. அது கை மாறி கை மாறி தலைக்கு மேலயே போய்க்கிட்டு இருக்கு, இவன் எம்பி எம்பி பிடிக்கப் பாக்குறான், கடைசியில மூடி திறந்து எல்லாம் தரையில கொட்டுது. க்ளாஸே சிரிக்குது. அப்போ இவனும் சிரிக்கிறான், அவங்கள விட கொஞ்சம் சத்தமாவே சிரிக்கிறான். டீச்சர் திரும்பி "என்ன சிரிப்பு அங்க"ன்னு இவனையும் சேர்த்து எல்லாரையும் திட்டிட்டு மறுபடியும் எழுத ஆரம்பிச்சுடுறாங்க.

அந்த சிரிப்பு எனக்கு நல்லா தெரியும். என்னை யாரும் அடிக்கல, எதையும் பிடுங்கல, ஒரு பட்டப்பேர் வச்சாங்க, அவ்ளோதான் வெளிய தெரிஞ்சது. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது என் பேர் வந்த உடனே பின் வரிசையில இருந்து அந்தப் பட்டப்பேரை மெல்லமா யாராவது சொல்லுவாங்க, நான் வாயத் திறந்து பதில் சொல்றதுக்குள்ள சிரிப்பு வந்துடும். நானும் சிரிப்பேன். சிரிச்சா அதோட முடிஞ்சுடும், முகம் மாறுனா அன்னிக்கு முழுக்க அதே பேச்சா ஓடும், அதனால அது ஒரு பழக்கமாவே ஆயிடுச்சு. வீட்டுல வந்து சொன்னதுக்கு "விளையாட்டுக்கு சொல்றாங்க, நீ கண்டுக்காத"ன்னு சொன்னாங்க. டீச்சருக்கு பாக்க நான் ஜாலியான பொண்ணு, ஏன்னா நான்தான் சிரிச்சுக்கிட்டே இருந்தேனே.

படத்தோட முடிவுல, தொந்தரவு பண்ண பையன் இவனோட நோட்டுல இருக்குற ஓவியங்களைப் பாத்து அசந்து போய், மறுநாள் தண்ணிக் குழாய் பக்கத்துல வந்து சாரி சொல்றான், ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காருறாங்க, படம் முடிஞ்சுடுது. கமெண்ட்ல எல்லாரும் அழுதேன் அழுதேன்னு போட்டிருக்காங்க. எனக்கு கோவம்தான் வந்துச்சு. ஏன்னு சரியா சொல்லத் தெரியல. எனக்கு யாரும் சாரி சொல்லல, இப்போ யாராவது வந்து சொன்னா கூட எனக்கு அது எதுக்குன்னுதான் தோணுது, ஆனா இத்தனை வருஷம் கழிச்சும் ஆஃபீஸ் மீட்டிங்ல என் பேரை யாராவது கூப்பிட்டா பேசுறதுக்கு முன்னாடி பின்னாடி யாரு இருக்கான்னு கவனிக்கிறேன்.

என் பையனுக்கு இப்போ ஒன்பது வயசு. இந்தப் படத்தை அவனுக்குக் காட்டலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன். அவனும் ஸ்கூல்ல நடந்தத சொல்லும்போது சிரிச்சுக்கிட்டேதான் சொல்றான், அது நிஜ சிரிப்பா இல்ல என்னோட பழைய சிரிப்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? உங்களுக்கு இந்தப் படம் என்ன பண்ணுச்சு, உங்க அனுபவம் என்ன, மனசுல இருக்கறத எழுதுங்க.

---

கணக்கு டீச்சர்:

படம் பாத்தேன் மா. பல வருஷமா க்ளாஸ் டீச்சரா இருக்கறதால முதல்ல அந்த டீச்சரைப் பத்தி சொல்றேன், அவங்க கெட்டவங்க இல்ல, ஆனா அவங்க பாத்தது சத்தத்தை மட்டும்தான். சத்தம் வந்தா அடக்கணும்னுதான் கை போகும். சத்தத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு பாக்க அரை நிமிஷம் ஒதுக்கணும், அந்த அரை நிமிஷம் நிறைய க்ளாஸ்ல கிடைக்கறதில்ல.

விளையாட்டா தொந்தரவான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டீங்க. நார்வேல டான் ஓல்வியூஸ்னு ஒரு உளவியல் பேராசிரியர் இருந்தாரு, 1970கள்லயே இத ஒரு ஆராய்ச்சியா எடுத்துப் பண்ணவர். 1983ல அந்த நாட்டுல ஸ்கூல் ஸ்கூலா இந்தத் தொந்தரவ தடுக்கறதுக்குன்னு ஒரு இயக்கமே நடத்துனாங்க, அதுல அவரோட பங்கு பெருசு. அவர் மூணு விஷயம் பாக்கச் சொல்லுவாரு. வேணும்னே பண்றாங்களா, திரும்பத் திரும்ப நடக்குதா, எதிர்ல இருக்குற பிள்ளையால திருப்பி எதுவும் செய்ய முடியாத நிலைமையா. முதல் ரெண்டும் கூட ஃப்ரெண்ட்ஸ் சண்டையில வரும். மூணாவதுதான் முக்கியம். பலம்னா உடம்பு பலம் மட்டும் இல்ல, எத்தனை பேர் கூட நிக்கிறாங்க, யாருக்கு க்ளாஸ்ல செல்வாக்கு, யாரு புதுசு, யாருக்கு பேச்சு திக்கும், இதெல்லாம் சேர்ந்ததுதான் பலம்.

நிஜ விளையாட்டுல பங்கு மாறிக்கிட்டே இருக்கும். இப்போ இவன் துரத்துனா அடுத்து அவன் துரத்துவான், பெரிய பையன் கொஞ்சம் விட்டுக்கொடுத்து விளையாடுவான், முடிஞ்சதுக்கு அப்புறமும் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சுத்துவாங்க. தொந்தரவுல பங்கு மாறவே மாறாது, முடிஞ்ச உடனே கூட்டம் கலைஞ்சுடும், ஒருத்தன் மட்டும் தனியா நிப்பான்.

நான் க்ளாஸ்ல ஒண்ணு கவனிப்பேன். கீழ கொட்டுனத யாரு குனிஞ்சு பொறுக்குறாங்கன்னு. விளையாட்டுல கொட்டிடுச்சுன்னா தட்டி விட்டவனே முதல்ல குனிவான், "ஐயோ சாரிடா"ன்னு ரப்பர் பெஞ்சுக்கு அடியில போயிருந்தா உள்ள புகுந்து கூட எடுத்துக் கொடுப்பான். படத்துல அந்த ஷாட்டை திருப்பிப் போட்டுப் பாருங்க, அத்தனை கால் தெரியுது, ஆனா குனியிறது அவன் ஒருத்தன் மட்டும்தான், ஒரு கால் அவனோட ஸ்கேல் மேல மிதிச்சுக்கிட்டு நகராம நிக்குது. அப்போ அவன் வாய் சிரிக்குதா இல்லையான்னு நான் பாக்கவே மாட்டேன்.

அந்த சாரி சீன் பத்தி உங்களுக்கு வந்த கோவம் நியாயம்தான். ரெண்டு பேரையும் ஒண்ணா கூப்பிட்டு நிக்க வச்சு "கை குடுத்துக்கோங்க"ன்னு சொல்றத தயவு செஞ்சு யாரும் பண்ணாதீங்க. ரெண்டு பேரும் சமமா இருந்து சண்டை போட்டா சமாதானம் பண்ணி வைக்கலாம். இதுல ஒரு பிள்ளை பயத்துல இருக்கு, பயப்பட வைக்கிற பிள்ளைக்கு முன்னாடி நிக்க வச்சு "என்ன பிரச்சன சொல்லு"ன்னா அது என்ன சொல்லும், ஒண்ணுமில்ல மிஸ்னுதான் சொல்லும், அத நாமளும் எழுதி வச்சுட்டு விஷயம் முடிஞ்சதுன்னு நினைப்போம். தனித்தனியா கூப்பிடணும், பாதிக்கப்பட்ட பிள்ளையை முதல்ல, அதுவும் மத்தவங்க கண்ணுல படாத மாதிரி.

---

படச்சுருள்:

டீச்சர் சொன்ன ஸ்கேல் ஷாட்டை நான் கவனிக்கவே இல்ல, போய் மறுபடியும் பாத்தேன், கரெக்ட்.

நான் படமாவே பேசுறேன். பெரியவங்க முகத்தைக் காட்டாம விட்டது ரொம்ப நல்ல முடிவு, ஏன்னா அந்த வயசுல பெரியவங்கன்னா நமக்கு ஒரு குரல், ஒரு கை, ஒரு சேலை ஓரம், அவ்ளோதான், அவங்க கண்ணுல நாம பட்டோமா இல்லையான்னு நமக்கே தெரியாது. பின்னணி இசையும் கிட்டத்தட்ட இல்ல, மின்விசிறி சத்தமும் பெல் சத்தமும்தான். பெல் அடிக்கும்போதெல்லாம் அவன் தோள் லேசா மேல ஏறுது, கவனிச்சீங்களா, மத்த பிள்ளைங்களுக்கு பெல்னா விடுதலை, இவனுக்கு டீச்சர் ரூமை விட்டுப் போகப் போறாங்கன்னு அர்த்தம். வசனம் ஒண்ணும் இல்லாம இத சொன்னாங்க பாருங்க, அதுக்கு கும்பிடலாம்.

ஆனா அந்த ஓவிய நோட்டு எனக்கு சுத்தமா பிடிக்கல. இந்த மாதிரி கதைங்க நிறைய இப்படித்தான் போகுது, கேலி பண்ணப்பட்ட பிள்ளைக்கிட்ட கடைசியில ஒரு திறமை இருக்கும், அழகா வரையும், இல்ல பாடும், இல்ல ஓட்டப்பந்தயத்துல ஜெயிக்கும், அப்புறம் எல்லாரும் மதிப்பாங்க. அப்போ வரையத் தெரியாத பிள்ளை என்ன பண்ணும்? பாடவும் வராது, ஓடவும் வராது, மார்க்கும் சுமார்தான், அந்தப் பிள்ளைக்கு நிம்மதியா உக்காந்து படிக்க என்ன தகுதி வேணும்? படம் பாக்குற ஒரு பத்து வயசுப் பையன் "என்கிட்டயும் ஏதாவது இருந்தா விட்டுடுவாங்க போல"ன்னு எடுத்துக்கிட்டா அது எவ்ளோ பெரிய பாரம். நிழல்மரம், உங்க கோவத்துக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கும்னு நினைக்கிறேன்.

---

ரெண்டாம் வரிசை:

குழந்தைங்களுக்கு கவுன்சிலிங் பண்ற வேலையில இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

படத்துல பெயர் இருக்குற கேரக்டர் ரெண்டே பேர்தான், சீண்டுறவன், சீண்டப்படுறவன். பென்சில் பாக்ஸ் கை மாறிப் போச்சுன்னு சொன்னீங்களே, அந்தக் கைங்க யாரோடது? அதுதான் என் கேள்வி. பின்லாந்துல கிறிஸ்டினா சல்மிவல்லின்னு ஒரு ஆராய்ச்சியாளர், 1996ல அவங்க குழு வெளியிட்ட ஆய்வுல க்ளாஸ்ல இருக்குற ஒவ்வொருத்தரும் என்ன பண்றாங்கன்னு பிரிச்சுப் பாத்தாங்க. ஆரம்பிக்கிறவன் ஒருத்தன், கூட சேர்ந்து பிடிச்சுக் குடுக்கறவங்க, சிரிச்சு ஏத்தி விடுறவங்க, எதுவும் பண்ணாம ஒதுங்கி இருக்குறவங்க, தடுக்குறவங்க, அப்புறம் பாதிக்கப்படுற பிள்ளை. இதுல சிரிச்சு ஏத்தி விடுறவங்கதான் இத ஓட வைக்கிறாங்க, ஏன்னா பாக்க ஆளே இல்லன்னா அந்தப் பையனுக்கு இதுல என்ன கிடைக்கப் போகுது.

கனடாவுல டொராண்டோ பக்கம் ஸ்கூல் மைதானத்துல கேமராவும் பிள்ளைங்க மேல சின்ன மைக்கும் வச்சு நிஜமாவே நடக்குறத பதிவு பண்ணி ஆராய்ச்சி பண்ணாங்க. 2001ல வந்த கட்டுரை ஒண்ணுல, 88 சதவீத சம்பவங்கள்ல மத்த பிள்ளைங்க பக்கத்துலயே இருந்திருக்காங்க, ஆனா யாராவது குறுக்க போனது 19 சதவீதத்துலதான். எனக்கு முக்கியமா படுறது அடுத்த எண்ணிக்கைதான். அப்படி குறுக்க போனதுல 57 சதவீதம் தடவை பத்து செகண்டுக்குள்ள அது நின்னு போயிருக்கு. பத்து செகண்ட்! பெரிய வீரமெல்லாம் வேணாம், "டேய் விடுடா, போதும்"னு ஒருத்தன் சொன்னா பாதிக்கு மேல அங்கயே நிக்குது.

பின்லாந்துல கீவான்னு ஒரு திட்டம் டுர்கு பல்கலைக்கழகத்துல உருவாக்குனாங்க, 2009ல இருந்து நாடு முழுக்க ஸ்கூல்கள்ல கொண்டு போனாங்க. அதுல பாதிக்கப்பட்ட பிள்ளைகிட்ட "நீ தைரியமா இரு"ன்னு பாடம் எடுக்கறத விட, சுத்தி இருக்குற பிள்ளைங்களுக்குத்தான் நிறைய வேலை. க்ளாஸ்ல நல்ல செல்வாக்கு இருக்குற ரெண்டு மூணு பிள்ளைங்கள தனியா கூப்பிட்டு அந்தப் பிள்ளைக்கு எப்படித் துணையா இருக்கலாம்னு அவங்களையே யோசிக்க வைப்பாங்க. ஸ்கூல்ல ஒரு குழு இருக்கும், சீண்டுன பிள்ளைங்கள ஒவ்வொருத்தரா கூப்பிட்டுப் பேசுவாங்க, கொஞ்ச நாள் கழிச்சு மறுபடியும் கூப்பிட்டு என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. அந்த "மறுபடியும்"ங்கறதுதான் நிறைய ஸ்கூல்ல விட்டுப் போகுது, ஒரு நாள் பெரிய விசாரணை நடக்கும், அடுத்த வாரம் எல்லாரும் மறந்துடுவாங்க, பசங்க மறக்க மாட்டாங்க.

இத்தனை வருஷம் கழிச்சும் ஏன்னு நீங்க கேட்டது பத்தி. பிரிட்டன்ல 1958ல ஒரே வாரத்துல பிறந்த குழந்தைங்கள வாழ்நாள் முழுக்க தொடர்ந்து கவனிக்கிற ஒரு ஆய்வு இருக்கு. 7 வயசுலயும் 11 வயசுலயும் மத்த பசங்க தொந்தரவு பண்றாங்களான்னு பெத்தவங்ககிட்ட கேட்டு வச்சிருந்தாங்க. 2014ல அத எடுத்து 7,771 பேரோட விவரத்தைப் பாத்தப்போ, அடிக்கடி சீண்டப்பட்டவங்களுக்கு 50 வயசுல கூட மனச்சோர்வும் பதட்டமும் வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட அதிகமா இருந்துச்சு. பயமுறுத்துறதுக்கு சொல்லல, எல்லாருக்கும் அப்படி ஆகும்னும் இல்ல. "சின்ன வயசு விஷயம், இன்னுமா மனசுல வச்சிருக்க"ன்னு யாராவது உங்கள கேட்டா, அந்தக் கேள்விதான் தப்புன்னு சொல்றதுக்காக சொன்னேன். மீட்டிங்ல பின்னாடி பாக்குற அந்தப் பழக்கம் உங்கள காப்பாத்துறதுக்காக உங்க மனசு அப்போ கத்துக்கிட்டது. இப்போ அது ரொம்ப தொந்தரவா இருந்தா ஒரு நல்ல கவுன்சிலர்கிட்ட பேசுங்க, நிறைய பேருக்கு அது இளகுறத நான் பாத்திருக்கேன்.

---

வெயில்காலம்:

நான் நீளமா எழுத மாட்டேன். எனக்கும் பட்டப்பேர்தான், எனக்கும் அதே சிரிப்புதான். ஒரு பொண்ணு, அவளும் நானும் அதுக்கு முன்னாடி ஃப்ரெண்ட்ஸ் கூட இல்ல, ஒரு நாள் அவளோட பையை எடுத்துக்கிட்டு வந்து என் பக்கத்துல உக்காந்துட்டா. யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லல. "மேப் வரைஞ்சுட்டியா, காட்டு"ன்னு கேட்டா. கேலி உடனே நிக்கல, ஆனா எனக்கு சிரிக்க வேண்டிய அவசியம் அன்னிக்கு இருந்து இல்லாமப் போச்சு, ஏன்னா அவ சிரிக்கல. படத்துல அப்படி ஒரு ஆள் இல்லைங்கறதுதான் எனக்கு குறை.

---

தூரத்து ஜன்னல்:

இங்க எல்லாரும் க்ளாஸ்ரூம் பத்தியே பேசுறீங்க, என் பொண்ணுக்கு நடந்தது முழுக்க போன்லதான். அவளுக்கு பதிமூணு வயசு. க்ளாஸ் பொண்ணுங்க ஒரு சாட் க்ரூப் வச்சிருந்தாங்க, அதுல ஒரு நாள் யாருமே மெசேஜ் போடல, அடுத்த நாளும் போடல. அவ "எல்லாரும் படிக்கிறாங்க போலம்மா"ன்னு சொன்னா. அப்புறம்தான் தெரிஞ்சது, இவள மட்டும் விட்டுட்டு இன்னொரு க்ரூப் ஆரம்பிச்சு எல்லாரும் அங்க போயிட்டாங்க, பழசுல இவ மட்டும் தினமும் குட் மார்னிங் போட்டுக்கிட்டு இருந்திருக்கா. அத படிச்சுட்டு ரெண்டு ரெண்டு ப்ளூ டிக் வரும், பதில் வராது.

இதுல நான் யார்கிட்ட போய் என்ன புகார் சொல்றது? யாரும் திட்டல, மிரட்டல, ஒரு கெட்ட வார்த்தை கூட இல்ல. ஸ்கூல்ல பேசுனதுக்கு "யாரு யாரோட பேசணும்னு நாங்க எப்படி சொல்ல முடியும்"னு சொன்னாங்க. அப்போ தேடிப் படிச்சதுல 2003ல சயின்ஸ் இதழ்ல வந்த ஒரு ஆராய்ச்சி கிடைச்சுது. கம்ப்யூட்டர்ல பந்து தூக்கிப் போட்டு விளையாடுற கேம், கொஞ்ச நேரம் கழிச்சு ஒருத்தருக்கு மட்டும் பந்து வராது, மத்த ரெண்டு பேரும் தங்களுக்குள்ளயே போட்டுக்குவாங்க. அப்போ மூளைய ஸ்கேன் பண்ணிப் பாத்தா, உடம்பு வலிக்கும்போது வேலை செய்யுற பகுதி ஒண்ணு இதுக்கும் வேலை செய்யுது. இத்தனைக்கும் முன்ன பின்ன தெரியாத ஆளுங்க, ஒரு உதவாக்கரை கேம், அதுக்கே அப்படின்னா தினமும் முகம் பாக்குற ஃப்ரெண்ட்ஸ் பண்ணா எப்படி இருக்கும். அத பிரிண்ட் எடுத்துக்கிட்டுப் போய் க்ளாஸ் டீச்சர்கிட்ட குடுத்தேன், அதுக்கு அப்புறம்தான் அவங்க உக்காந்து காது குடுத்துக் கேட்டாங்க.

படத்துல வீட்டுக்கு வந்த உடனே அந்தப் பையன் முகம் தளர்ந்து, செருப்ப கழட்டிட்டு அப்படியே படுத்துடுறான் பாருங்க. அவனுக்கு வீடாவது மிச்சம் இருக்குன்னு தோணுச்சு எனக்கு. என் பொண்ணுக்கு அது தலையணைக்கு அடியிலயே இருந்துச்சு. போனை பிடுங்கி வச்சுடலாம்னு என் வீட்டுக்காரர் சொன்னாரு, நான் வேணாம்னுட்டேன், பிடுங்குனா அடுத்த தடவை நம்மகிட்ட சொல்லவே மாட்டா. ராத்திரி எல்லார் போனும் ஹால்ல ஒரே இடத்துல வைக்கிறதுன்னு முடிவு பண்ணோம், என்னோடதும் அவரோடதும் சேர்த்து.

---

பாதி வழி:

இத எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். என் பையன் அந்த இன்னொரு பக்கம். அவன்தான் பென்சில் பாக்ஸ எடுக்குற கை.

ஸ்கூல்ல இருந்து கூப்பிட்டு சொன்னப்போ, என் பையனா, இருக்கவே முடியாதுன்னு சொல்லத்தான் வாய் வந்துச்சு. நல்லவேளையா என் மனைவி முந்திக்கிட்டு "என்ன நடந்துச்சுன்னு முழுசா சொல்லுங்க"ன்னு கேட்டா. கேட்டு முடிச்சு கார்ல உக்காந்தப்போ ரெண்டு பேருக்கும் பேச்சே வரல. வீட்டுல அன்பா இருக்குறவன், தங்கச்சிக்கு தலை பின்னி விடுறவன். இதுவும் அவன்தான் அதுவும் அவன்தான்னு ஏத்துக்கறது ரொம்ப கஷ்டம்.

நாங்க அடிக்கல. "ஏன்டா பண்ண"ன்னு கேட்டா "சும்மா, எல்லாரும் சிரிச்சாங்க"ன்னான். இங்க ரெண்டாம் வரிசை எழுதுனத படிச்ச உடனே அதுதான் ஞாபகம் வந்துச்சு. கோவத்துல பண்ணல, அந்தப் பையன் மேல வெறுப்பும் இல்ல, சிரிப்புக்குப் பண்ணிருக்கான். ஸ்கூல்ல இருந்த கவுன்சிலர் சொன்னாங்க, உடனே சாரி சொல்ல வைக்காதீங்க, அது உங்களுக்கு நிம்மதி, அந்தப் பிள்ளைக்கு இல்லன்னு. அதுக்கு பதிலா பண்ணதுக்கு அவனே பொறுப்பு எடுத்துக்கணும், அந்தப் பையன் உக்காருற பக்கம் போகக் கூடாது, மறுபடியும் நடந்தா என்ன ஆகும்னு முன்னாடியே தெளிவா தெரியணும், நாங்க ரெண்டு பேரும் வாராவாரம் டீச்சர்கிட்ட கேக்கணும்னு சொன்னாங்க. அத விடாம பண்ணோம்.

ரொம்ப நாள் கழிச்சு அவனாவே "நான் போய் பேசட்டுமா"ன்னு கேட்டான். அந்தப் பையனோட அம்மாகிட்ட கேட்டோம், அந்தப் பையன் வேணாம்னு சொல்லிட்டான். என் பையனுக்கு அது பெரிய அடி. வேணாம்னு சொல்ல அவனுக்கு உரிமை இருக்குடான்னு உக்கார வச்சு சொன்னோம். படத்துல சாரி சொன்ன உடனே அந்தப் பையன் நகர்ந்து இடம் குடுத்துடுறான், எடுத்தவங்களுக்கு ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு, அவன் இடம் குடுக்காம இருந்திருந்தாலும் அது நல்ல முடிவுதாங்க.

---

நிழல்மரம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொண்ணையும் ரெண்டு ரெண்டு தடவை படிச்சேன். பாதி வழி, நீங்க எழுதுனதுக்கு தனியா நன்றி. என் கோவம் எதுன்னு உங்க கடைசி வரியிலதான் எனக்குப் புரிஞ்சுது. படம் அந்தப் பையன்கிட்ட கேக்கவே இல்ல. அவன் மன்னிச்சானா, பயந்துபோய் நகர்ந்தானா, இல்ல அதுவும் அந்தப் பழைய சிரிப்பு மாதிரி ஒண்ணான்னு தெரியாமலேயே நம்மள அழ வச்சுட்டாங்க. எனக்கு யாரோட சாரியும் வேணாம்னு நான் நினைக்கிறது கல்மனசுன்னு இத்தனை நாள் எனக்குள்ள ஒரு உறுத்தல் இருந்துச்சு, இப்போ இல்ல.

படச்சுருள் சொன்ன ஓவிய நோட்டு பத்தி யோசிச்சா எனக்கு பகீர்னு இருக்கு. நான் ப்ளஸ் டூ வரைக்கும் விழுந்து விழுந்து படிச்சதுக்கு அதுதான் காரணம், நிறைய மார்க் வாங்குனா அந்தப் பேர் போயிடும்னு நம்புனேன். மார்க்கும் வந்துச்சு, பேரும் கூடவே வந்துச்சு.

தூரத்து ஜன்னல், உங்க பொண்ணு இப்போ எப்படி இருக்கா? எழுதணும்னு தோணுனா எழுதுங்க.

பையனுக்கு படத்தைக் காட்டலாம்னு முடிவு பண்ணிட்டேன், ஆனா கூட உக்காந்து. அந்தப் பென்சில் பாக்ஸ் சீன்ல நிறுத்திட்டு, இதுல நீ யாருன்னு கேட்டா அவனுக்கு விசாரணை மாதிரி ஆயிடும். என்ன கேக்கலாம் டீச்சர்?

---

தூரத்து ஜன்னல்:

கேட்டதுக்கு நன்றிங்க. பழைய ஃப்ரெண்ட்ஸ் யாரும் திரும்ப வரல. வேற செக்ஷன் பொண்ணு ஒருத்தியோட இப்போ சேர்ந்து போறா, வர்றா. சாப்பாட்டு நேரத்தைப் பத்தி பேச ஆரம்பிச்சிருக்கா, நடுவுல அந்தப் பேச்சே எடுக்க மாட்டா. குட் மார்னிங் மட்டும் யாருக்கும் போடறதில்ல.

---

கணக்கு டீச்சர்:

நிழல்மரம், அவனைப் பத்தியே கேக்காதீங்க, "உங்க க்ளாஸ்ல இப்படி யாருக்காவது கொட்டுனா யாரு எடுத்துக் குடுப்பாங்க"ன்னு கேளுங்க. சட்டுனு ஒரு பேர் சொன்னான்னா பாதி கவலை விடுங்க. யோசிச்சான்னா, இல்ல "யாரும் மாட்டாங்க"ன்னு சொன்னான்னா, அதோட பேச்ச நிறுத்தாதீங்க, ஆனா அன்னிக்கே எல்லாத்தையும் தோண்டாதீங்க. ரெண்டு நாள் கழிச்சு நடக்கும்போதோ வண்டியில போகும்போதோ கேளுங்க, முகத்துக்கு நேரா உக்காந்து கேட்டா பிள்ளைங்க சொல்லாது, பக்கத்துல பக்கத்துல இருக்கும்போதுதான் சொல்லும். பெல் அடிச்சதுக்கு அப்புறம் எங்க போவ, யாரோட நிப்ப, பஸ்ல யாரு பக்கத்துல, இப்படி இடத்தை வச்சுக் கேளுங்க, "யாராவது தொந்தரவு பண்றாங்களா"ன்னு கேட்டா இல்லன்னுதான் வரும்.

அவன் ஏதாவது சொன்னா உடனே ஸ்கூலுக்குக் கிளம்பிடாதீங்க, "நான் இப்போ என்ன பண்ணணும்னு நினைக்கிற"ன்னு அவனைக் கேட்டுட்டு அப்புறம் போங்க. போகும்போது என்னிக்கு, எங்க, யாரு கூட இருந்தாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டுப் போங்க, வாயால சொன்னா எங்க ஆளுங்க "சரிங்க பாத்துக்கறோம்"னு அனுப்பிடுவாங்க, எழுதிக் குடுத்தா பதில் சொல்லித்தான் ஆகணும். அடுத்து என்னிக்கு வந்து கேக்கட்டும்னு தேதியையும் அங்கயே வாங்கிடுங்க.